எழுதிக் காட்டும்

சங்கீத ரீச்சர் யாரையும் வாய் திறந்து பதில் சொல்ல விட்டதில்லை. கேள்வி அவருடைய வாயால் வரும். பதில் கடதாசியில்தான் போக வேண்டும். பழைய அப்பியாசக் கொப்பிகளின் வெறும் தாள்களை நாலாகக் கிழித்து ஒரு பிஸ்கற் தகரப் பேணிக்குள் அடுக்கி வைத்திருப்பார். அதற்குள்ளேயே ஒரு நீலப் பேனையும் ஒரு சிவப்புப் பேனையும் கிடக்கும். நீலம் பதில் எழுதுகிறவருக்கு, சிவப்பு அவருக்கு.

"ஆதி தாளத்துக்கு எத்தினை அட்சரம்?"

"எட்டு, ரீச்சர்."

"சொல்லாதையும் பிள்ளை. எழுதிக் காட்டும்."

எட்டு என்ற ஒற்றை இலக்கத்தை எழுதுவதற்குப் பிள்ளை எழும்பி, மேசைக்கு வந்து, தாள் எடுத்து, பேனை எடுத்து, எழுதி, இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். ரீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டுத் தாள் முழுக்க ஒரு சரி போடுவார். பதினொரு பிள்ளைகளும் எட்டு எழுதி முடிக்க அரைப் பாடம் போய்விடும். பக்கத்து வகுப்பில் கணிதம் படிப்பித்துக்கொண்டு நின்ற எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும். எங்கள் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் இருந்தது ஓர் அரைச்சுவர் மட்டும்தான்.

ஒரு நாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "வாயாலை சொல்லவிட்டால் கெதியாய் முடியுமே ரீச்சர்?"

"வாயாலை சொல்லுறது காத்தோடை போயிடும். எழுதினால்தான் நிக்கும்" என்றார்.

சங்கீதம் படிப்பிக்கிற ஆள் சொல்லுகிற கதையா இது என்று நினைத்தேன். காற்றோடு போகாத சங்கீதம் எது? ஆனால் அதை அவருக்குச் சொல்லவில்லை. அவருக்கு ஐம்பத்தாறு வயது, எனக்கு இருபத்தாறு.

எனக்கு அது முதல் நியமனம். கடிதத்தில் நெடுந்தீவு என்று இருந்ததும் அம்மா அழுதுவிட்டார். நாங்களும் தீவார்தான். இறுப்பிட்டியிலிருந்து குறிகட்டுவான் துறைக்கு பஸ்ஸில் பத்து நிமிஷம். ஆனால் எங்கள் தீவுக்குக் கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதித் தெரு இருக்கிறது, நினைத்த நேரம் யாழ்ப்பாணம் போகலாம். நெடுந்தீவுக்கு வள்ளம் விட்டால்தான் வழி. திங்கட்கிழமை காலை வள்ளத்தில் போனால் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் திரும்பலாம். நடுவில் உள்ள நாலு இரவும் ஆசிரியர் விடுதியில். எனக்குக் கிடைத்த அறையில் ஏற்கெனவே இருந்தவர் சங்கீத ரீச்சர்.

அவருக்கு ஊர் புளியங்கூடல். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் கனடாவில். தனி ஆள், தனி வீடு. அறையில் நான் கால் வைத்த முதல் நாளே ஒரு சட்டம் சொன்னார்.

"என்னோடை கதைக்கிறதெண்டால் முன்னுக்கு வந்து நிண்டு கதையும். முதுகுக்குப் பின்னாலை நிண்டு கதைக்கிறது மரியாதை இல்லை."

சரியான கெப்பர் பிடித்த மனிசி என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அந்த முடிவை மாற்ற எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

வள்ளத்திலும் அந்தப் பேணி வரும். எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு கதைப்பதென்றாலே தொண்டை கிழியும். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, ரீச்சர் மட்டும் உற்சாகமாக ஒரு தாளையும் நீலப் பேனையையும் என் மடியில் வைப்பார்.

"சப்த தாளங்களின்ரை பேரை எழுதும்."

"நான் கணக்கு ரீச்சர், ரீச்சர்."

"தாளம் பின்னை என்ன, கணக்குத்தானே?"

ஏழு தாளம், ஐந்து ஜாதி, பெருக்கினால் முப்பத்தைந்து. எழுபத்திரண்டு மேளகர்த்தாவும் அப்படித்தான்: ரிஷப காந்தாரம் ஆறு விதம், தைவத நிஷாதம் ஆறு விதம், மத்திமம் இரண்டு. ஆறு ஆறு முப்பத்தாறு, இரண்டு மடங்கு. அதைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. இவ்வளவு ஒழுங்கான ஒரு கணக்கை ஏன் எனக்கு யாரும் முதலே சொல்லவில்லை என்று கோபமும் வந்தது. ஒரு தவணைக்குள் எந்த மேளத்தின் எண்ணைக் கேட்டாலும் அதன் சுரங்களை எழுதிக் காட்டப் பழகிவிட்டேன். அலை அடித்துத் தாள் நனைந்தாலும் ரீச்சர் விடாமல் சரி போடுவார். பக்கத்தில் இருந்த தபால்கார அண்ணை ஒரு நாள் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, பாசோ பெயிலோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

பாஸ்தான். ஆனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பதினைந்தாம் மேளம் மாயாமாளவகௌளை, அதில் சுத்த ரிஷபம் வரும் என்று என்னால் எழுத முடியும். அதை ஒருவர் பாடினால் அதுதான் இது என்று காதால் பிடிக்க எனக்குத் தெரியாது. தாளில் நூறு, காதில் பூச்சியம். ரீச்சர் என்னை ஒருபோதும் பாடச் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த மாரியில் ஒரு பின்னேரம், கதவுத் திறப்பை உள்ளே விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினேன். திறக்கவில்லை. கூப்பிட்டேன். யன்னலால் பார்த்தால் ரீச்சர் கதிரையில் இருந்து கொப்பி திருத்துகிறார். இரண்டு ஆள் நீளத் தூரம்கூட இல்லை. கை நோகத் தட்டினேன். "ரீச்சர், ரீச்சர்" என்று கத்தினேன். அவர் நிதானமாகப் பக்கத்தைத் திருப்பி ஒரு சரி போட்டார். வேண்டுமென்றுதான் செய்கிறார் என்று நினைத்தேன். வந்த ஆத்திரத்தில் ஒரு சின்னக் கல்லை எடுத்து யன்னல் கம்பிக்குள்ளால் எறிந்தேன். கல் மேசையில் விழுந்து உருண்டது. சத்தத்துக்கு அவர் அசையவில்லை. கல் கொப்பிக்கு மேல் வந்து நின்றபோதுதான் துள்ளி எழுந்தார்.

அப்போது எனக்கு எல்லாம் விளங்கிற்று. முன்னுக்கு வந்து கதைக்கச் சொன்னது, எழுதிக் காட்டச் சொன்னது, குசினியில் தண்ணீர் கொதித்து ஊற்றியும் திரும்பிப் பார்க்காதது, எல்லாம். இவ்வளவு நாளும் ஒரே அறையில் படுத்தெழும்பிய எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார். துவாயை எடுத்துத் தந்தார். தேத்தண்ணி வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை முன்னாலேயே இருந்தார்.

"இடது காது போய்ப் பத்து வருஷம்" என்றார் பிறகு. "வலது பக்கம் நாலு வருஷமாய்க் குறைஞ்சு குறைஞ்சு போன வருஷத்தோடை சரி. நரம்பாம். யாழ்ப்பாணத்திலை காட்டினனான். மெஷின் ஒண்டும் வாங்கினனான், அலுமாரிக்குள்ளை கிடக்கு. அதைப் போட்டால் இரைச்சல் வருது, சுருதி வரேல்லை."

நான் நேரே பார்த்து, வாயை நன்றாகத் திறந்து கேட்டேன். "அப்ப என்னெண்டு ரீச்சர் படிப்பிக்கிறியள்?"

"அறிமுறைக்குக் காது தேவையில்லை. எழுதிக் காட்டினால் திருத்துவன். செய்முறைக்கு ஆர்மோனியம் இருக்கு. எந்தக் கட்டை எங்கை எண்டு என்ரை விரலுக்குத் தெரியும்."

பிறகு கஜானியைப் பற்றிச் சொன்னார். பத்தாம் வகுப்பில் முன்வரிசையில் இருக்கிற பிள்ளை. தகப்பன் கள்ளுக்குப் பனை சீவுகிறவர். அவளுக்குச் சங்கீத ரீச்சராக வர வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. அடுத்த வருஷம் சாதாரணதரப் பரீட்சை, அதில் செய்முறையும் இருக்கிறது.

"எனக்குக் கேக்காதெண்டு தெரிஞ்சால் நாளைக்கே வீட்டை அனுப்புவினம். அதுக்கு நான் கவலைப்படேல்லை. என்ரை இடத்துக்கு ஆர் இஞ்சை வரப்போயினம்? நீரே இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டிருப்பீர். சங்கீதத்தை மூடிப்போட்டு அவளைச் சித்திரத்துக்கு மாத்துவினம். அவளின்ரை பரீட்சை முடியுமட்டும்தான். முடிஞ்ச அடுத்த நாள் நானே எழுதிக் குடுத்திட்டுப் போறன்."

நான் உண்மையிலேயே இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்றேன்.

"அது காணாது" என்றார். "நீர் எனக்குக் காதாய் இருக்க வேணும்."

எனக்குச் சுருதி தெரியாது என்று தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு, கணக்கு ரீச்சர் அல்லவா, வழி ஒன்று கண்டுபிடித்தேன். கைபேசியில் சுருதி பார்க்கிற செயலி ஒன்று இருக்கிறது. ஒருவர் பாடினால் திரையில் முள் ஆடும். சுரத்தில் சரியாக நின்றால் முள் நடுவுக்கு வந்து பச்சையாகும், கூடினால் குறைந்தால் சிவப்பாகும். இதைவிட வேறென்ன வேண்டும்? ரீச்சருக்குக் காட்டியபோது அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

அடையாளமும் நான்தான் சொன்னேன். என் வகுப்புப் பக்கத்து அரைச்சுவரில் கரும்பலகை டஸ்ரரை நிமிர்த்தி வைத்தால் சரி, படுக்கப் போட்டால் பிழை. எனக்கு அந்த நேரம் வகுப்பு இல்லாதபடி நேரசூசியையும் மாற்றிக்கொண்டேன். ரீச்சர் ஆர்மோனியத்துக்கு முன்னால் இருப்பார். பிள்ளைகள் வரிசையாகப் பாடுவார்கள். நான் சுவரோரத்தில் நின்று கொப்பி திருத்துகிற பாவனையில் முள்ளைப் பார்ப்பேன். முதலில் கஜானிக்கே சிவப்புத்தான் வந்தது. டஸ்ரரைப் படுக்கப் போடுவேன். ரீச்சர், "இன்னொருக்கால் பிள்ளை, ஸவிலை நிண்டு வாரும்" என்பார். ஒரு மாதம், இரண்டு மாதம். மெல்ல மெல்லப் பச்சை வரத் தொடங்கியது. கஜானியின் குரலைக் கேட்டு மற்றப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். கடைசித் தவணையில் டஸ்ரர் பாடம் முழுக்க நிமிர்ந்தே நின்றது.

சந்தோஷமான காலம் அது. ஒளிக்க வேண்டாம், எனக்கு அங்கே இருந்த ஒரே சந்தோஷம் அதுதான். வெள்ளிக்கிழமை வள்ளத்தில் ரீச்சர் தாளத்தையும் மேளத்தையும் விட்டுவிட்டு, "கஜானி எப்பிடி?" என்று கேட்பார். நான் பெருவிரலை உயர்த்திக் காட்டுவேன். அவர் அதை ஏற்றுக்கொள்ள மாட்டார். பேனையைத் தருவார். "நல்லாப் பாடுறாள்" என்று எழுதுவேன். அதற்கும் ஒரு சரி.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில், பிள்ளைகள் செய்முறைக்குத் தயாரா என்று பார்க்கக் கல்வி அலுவலகத்திலிருந்து சங்கீத ஆலோசகர் ஒருவர் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மெலிந்த ஆள், கடல் ஒத்துக்கொள்ளாமல் வள்ளத்தில் சத்தி எடுத்து முகம் வெளிறிப் போயிருந்தார். பின்னேர வள்ளத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற அவசரம் வேறு. கஜானியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். ரீச்சர் பேணியைத் திறந்து தாளை எடுத்தார்.

"அது வேண்டாம் ரீச்சர். வாயாலை சொல்லட்டும்" என்றார் அவர்.

ரீச்சர் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேள்விகளை அடுக்கினார். சப்த சுரங்களில் மாறாத சுரங்கள் எவை? ரூபக தாளத்தின் அங்கம் என்ன? தாட்டு வரிசை என்றால் என்ன? கஜானிக்கு எல்லாம் தெரியும். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் அவளுடைய வலது கைச் சுட்டுவிரல் இடது உள்ளங்கையில் முதலில் எழுதிப் பார்த்தது, பிறகுதான் வாய் திறந்தது. ஆலோசகர் அதைக் கவனித்துச் சிரித்தார். ரீச்சரும் சிரித்தார். நான் சுவரோரத்தில் டஸ்ரரை ஒரு கையிலும் என் கைபேசியை மற்றக் கையிலும் வைத்துக்கொண்டு நின்றேன்.

"சரளி வரிசை எந்த ராகத்திலை படிக்கிறனீர்?"

"மாயாமாளவகௌளை, சேர்."

"அதிலை வாறது என்ன ரிஷபம்?"

"சுத்த ரிஷபம், சேர்."

"பாடும், பாப்பம்."

அவர் தன்னுடைய கைபேசியில் சுருதி போட்டார். கஜானி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். ஸ பச்சை. ரி பச்சை. க பச்சை. ஒரு இடத்தில்கூட முள் அசையவில்லை. நான் டஸ்ரரை நிமிர்த்தி வைத்தேன்.

ஆலோசகர் நெற்றியைச் சுருக்கினார். "இன்னொருக்கால்."

திரும்பவும் பாடினாள். திரும்பவும் பச்சை.

"இப்ப பாடினீரே, அது என்ன ரிஷபம்?"

"சுத்த ரிஷபம், சேர்."

மற்றப் பத்துப் பேரையும் எழுப்பிப் பாட வைத்தார். பதினொரு பேரும் ஒரே குரலாகப் பாடினார்கள். அவர் ரீச்சரின் பக்கம் திரும்பினார்.

"ரீச்சர், இவையள் பாடுறது சுத்த ரிஷபமோ?"

ரீச்சர் அவருக்குப் பதில் சொல்ல முதல் அவருடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். அரைச்சுவரில் டஸ்ரர் நிமிர்ந்து நின்றது.

"ஓம் சேர். சுத்த ரிஷபம்தான்" என்றார் ரீச்சர். தலையை நிமிர்த்திச் சொன்னார்.

ஆலோசகர் மேசைப் பக்கம் கையை நீட்டினார். "ஒருக்கால் ஆர்மோனியத்திலை வாசிச்சுக் காட்டுங்கோ" என்றார்.

ரீச்சர் ஆர்மோனியத்துக்கு முன்னால் போய் இருந்தார். துருத்தியை இழுத்தார். ஐந்து கட்டைச் சுருதி. ஸ, அதற்குப் பக்கத்துக் கறுப்புக் கட்டை ரி, பிறகு க, ம. விரல் ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் அந்தக் கறுப்புக் கட்டை அமுங்கியபோது சத்தம் வரவில்லை. வெறும் காற்று மட்டும் உஸ்ஸென்று போனது. உப்புக் காற்றில் அதற்குள் அதிர்கிற பித்தளை நாக்கு எப்போதோ களிம்பேறிச் செத்திருக்க வேண்டும். ஸ ஒலித்தது, பிறகு ஒன்றுமில்லை, பிறகு க ஒலித்தது. ரீச்சர் வாசித்துக்கொண்டே போனார். அந்த வெற்றிடம் வருகிற ஒவ்வொரு முறையும், யாரும் சொல்லாமலேயே, பதினொரு பிள்ளைகளும் சேர்ந்து "ரி" என்று உரக்கப் பாடி அதை நிரப்பினார்கள். அப்போதுதான் திரையில் நிறத்தை விட்டுச் சுரத்தின் எழுத்தைப் பார்த்தேன். சுத்த ரிஷபம் இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் பாடியது அதற்கு அடுத்த வெள்ளைக் கட்டை, சதுஸ்ருதி ரிஷபம். ராகமே வேறு.

என் கையிலிருந்த முள்ளுக்கு ராகம் தெரியாது. எந்தச் சுரமாக இருந்தாலும் அது சுரத்தில் நின்றால் பச்சை காட்டும், அவ்வளவுதான். எழுத்தும் எப்போதும் பக்கத்திலேயே வரும். நான் ஒரு வருஷம் முழுக்க நிறத்தைப் பார்த்தேனே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை. எழுபத்திரண்டு மேளத்தையும் தாளில் போடத் தெரிந்த எனக்கு, ஸவிலிருந்து எத்தனை கட்டை தள்ளி நிற்கிறது என்று ஒரு தரம் எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. தொடக்கத்தில் கஜானிக்குச் சிவப்பு வந்ததே, அப்போது அவள் சத்தமில்லாத இடத்தில் எதைப் பாடுவதென்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். பிழையான சுரத்தில் போய் நிலைத்து நிற்கும்வரை டஸ்ரரைப் படுக்கப் போட்டுப் படுக்கப் போட்டுப் பழக்கியது நான்.

ஆலோசகர் எழுந்து ரீச்சருக்குப் பின்பக்கமாகப் போனார். "ரீச்சர்" என்றார். கொஞ்சம் உரக்க, "ரீச்சர்" என்றார். ரீச்சர் சிரித்த முகத்தோடு வாசித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் முன்னால் வந்து, பேணிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, நீலப் பேனையால் எழுதி நீட்டினார். உங்களுக்குக் காது கேட்காதா?

ரீச்சரின் கை பழக்கத்தில் சிவப்புப் பேனைக்குப் போய் நின்றுவிட்டது. அதை எடுக்கவில்லை.

"கேக்காது, சேர்" என்று வாயால் சொன்னார்.

அவர்கள் இருவரும் பள்ளிக்கூட அதிபரின் அறைக்குப் போன பிறகு, நான் வகுப்புக்குள் போய் அந்தக் கட்டையை அழுத்திப் பார்த்தேன். காற்று. கஜானி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது எப்ப தொட்டு இப்பிடி?"

"நான் பத்தாம் வகுப்புக்கு வரேக்கையே சத்தம் வாறேல்லை, ரீச்சர்."

"ஏன் சொல்லேல்லை?"

அவள் அழவில்லை. "ரீச்சருக்குக் கேக்காதெண்டு எங்களுக்குத் தெரியும். ஆர்மோனியம் பழுதெண்டு சொன்னால், அது ஏன் உங்களுக்குத் தெரியேல்லை எண்டு அதிபர் அவவைக் கேப்பார் எண்டு பயந்தனாங்கள். அதுதான் அந்த இடத்திலை எல்லாரும் பலமாய்ப் பாடினனாங்கள், வெளியிலை ஆருக்கும் தெரியாமல் இருக்க." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "நீங்கள் டஸ்ரரை நிமித்தி வைச்சனீங்கள்தானே? அப்ப சரியெண்டு நினைச்சம்."

அதுவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவரைக் காப்பாற்ற நான் ஒரு பக்கம் ஒளித்தேன், அவர்கள் மறுபக்கம் ஒளித்தார்கள். நடுவில் ஒரு சுரம் செத்துக் கிடந்தது.

அன்று பின்னேர வள்ளத்தில் ரீச்சரும் வந்தார். வெள்ளிக்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை. அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் ஏறினேன். ஆலோசகர் முன்பக்கம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். வள்ளம் பாதிக் கடலுக்கு வந்த பிறகு ரீச்சர் பேணியைத் திறந்தார்.

"பிள்ளை என்னத்தைப் பாடினவள்? எழுதிக் காட்டும்."

சதுஸ்ருதி ரிஷபம் என்று எழுதினேன்.

"எவ்வளவு காலமாய்?"

ஒரு வருஷம் என்று எழுதினேன். கறுப்புக் கட்டையில் சத்தம் வருவதில்லை என்றும் எழுதினேன். அவர் தாளை வாங்கி வாசித்தார். தன்னுடைய வலது கையைத் திருப்பி சுட்டுவிரலைப் பார்த்தார். அந்த விரலால்தான் ரிஷபத்தை அழுத்துவார்.

"டஸ்ரர் நிமிந்துதானே நிண்டது" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். தாளை மடித்துப் பேணிக்குள் வைத்து மூடினார். அந்தத் தாளுக்கு மட்டும் சரியும் போடவில்லை, பிழையும் போடவில்லை.

அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. மருத்துவக் காரணம் காட்டி அவரை ஓய்வில் அனுப்பினார்கள். அவருடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. சங்கீத வகுப்பை மூடி, பிள்ளைகளைச் சித்திரத்துக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் கஜானி பூச்சாடி கீறப் பழகி, பரீட்சையில் ஒரு சாதாரணச் சித்தியோடு பாஸாகினாள். காலைக் கூட்டத்தில் தேவாரம் படிக்கிறவளும் அவள்தான். அதையும் நிறுத்திவிட்டாள். அதிபர் கேட்டார், நான் கேட்டேன், தாய் வந்து அழுது கேட்டார்.

"எனக்கு எது சரியெண்டு தெரியேல்லை, ரீச்சர்" என்றாள் என்னிடம். "வாய் திறந்தால் அதுதான் வருது. அது பிழையெண்டு தெரிஞ்சும் அதுதான் வருது."

எனக்கு இடமாற்றம் கிடைத்தது. நான் கேட்டிருந்த இடமேதான். அம்மா கோயிலில் நேர்த்திப் பொங்கல் பொங்கினார்.

அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை புளியங்கூடலுக்குப் போனேன். படலையில் நின்று கூப்பிட்டுப் பயனில்லை என்று தெரியும். உள்ளே போய், யன்னலால் என் நிழல் அவருடைய மேசையில் விழும்படி நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். நல்லாய் மெலிந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. தேத்தண்ணி வைத்துத் தந்துவிட்டு, முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மேசையில் அதே பிஸ்கற் பேணி.

நான் மன்னிப்புக் கேட்க வந்தவள். வழி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறக்க முதல் அவர் ஒரு தாளையும் நீலப் பேனையையும் என் பக்கம் தள்ளினார்.

"கஜானி பாடுறாளோ?"

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். தலையை ஆட்டியிருக்கலாம், கையை அசைத்திருக்கலாம், வாயால் எதையாவது முணுமுணுத்திருக்கலாம்.

"எழுதிக் காட்டும்" என்றார்.

ஓம், பாடுறாள் என்று எழுதினேன்.

அவர் தாளை எட்டப் பிடித்து வாசித்தார். திரும்ப வாசித்தார். பிறகு அதைத் திருப்பி என்னிடமே தந்தார்.

"ரிஷபம் இப்ப எப்பிடி?"

அவருக்கு உலகத்தில் இனித் தெரிய வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். அதை அவருக்குச் சொல்லக்கூடிய ஆளும் நான் ஒருத்திதான். எழுதினால் நிற்கும் என்று சொன்னவரிடம் பொய்யை எழுதிக் கொடுக்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பேனையை இறுக்கிப் பிடித்து, எழுத்தெழுத்தாக எழுதினேன்.

சுத்த ரிஷபம்.

ரீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். சிவப்புப் பேனையை எடுத்து, தாள் முழுக்கப் பெரிதாக ஒரு சரி போட்டார்.